இரண்டரை

பல்கலைக்கழகத் தளத்தில் என் புள்ளி 2.50.
அது பொய்.
முடிவு வந்த இரவு
ஒவ்வொரு பாடமாய்க் கூட்டி வகுத்தேன்:
2.496.
கடைசியில் நிற்கும் அந்த ஆறு
முன்னால் நின்ற ஒன்பதை முதுகில் தள்ளி
எனக்கு ஒரு முழு எண் வாங்கிக் கொடுத்திருந்தது.
நான்காய் இருந்திருந்தால்
இந்த விண்ணப்பமே இல்லை.

செம்பருத்தி மகளிர் வட்டம்.
தகுதி: குறைந்தபட்சம் இரண்டு புள்ளி ஐந்து பூஜ்யம்.
சுங்கை டுவா கடையில்
ஒரு தே தாரேக் அதே விலை.

இரண்டாம் ஆண்டில் யாரும் சேர்வதில்லை.
நேர்காணல் அறைக்கு வெளியே பதினேழு பேர்,
பஞ்சாபி சூட்டில் தேய்த்த மடிப்பு இன்னும் கலையாதவர்கள்.
என்னை அக்கா என்றார்கள்.
ஒருத்தி, நான்தான் கேள்வி கேட்க வந்தவள் என்று
எழுந்தே நின்றுவிட்டாள்.

உள்ளே, செயலாளர் நாற்காலியில்
யுவனேஸ்வரி.
போன வருஷம் என் அறைத்தோழி.
வாளி கொங்சி, சலவைத்தூள் கொங்சி,
மாதக் கடைசியில் ஒரு பாக்கெட் மேகி கொங்சி.
மழை நாளில் காயாத துணிக்கு
ஒரே மின்விசிறி.
அவள் காகிதத்தைப் பார்த்தபடி
"உங்கள் பெயர்?" என்றாள்.

லோஷினி, த/பெ முனியாண்டி.

"முதலாம் ஆண்டில் ஏன் வரவில்லை?"

அவளுக்குத் தெரியும்.
சனி, ஞாயிறு இரவு வேலைக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேன்
என்னை எந்த வாசலில் ஏற்றும், எந்த வாசலில் இறக்கும் என்று.
திங்கள் காலை எட்டு மணி விரிவுரையில்
வருகைத்தாளில் என் கையெழுத்தைப்
போட்டவளே அவள்தான்,
"லோ"வுக்கு என்னைவிட அழகாய்க் கொம்பு வைத்து.

"நேரம் அமையவில்லை" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
அதே கொம்பு.

எடுத்துக்கொண்டார்கள், ஒரு பருவம் மட்டும்,
தற்காலிகமாய்.
புதுமுகங்கள் குழுவில் என்னையும் சேர்த்தார்கள்.
எந்தக் கடையில் பிரிண்ட் மலிவு,
எந்த விரிவுரையாளர் தாமதமாய் வருவார்
என்று என்னைக் கேட்டார்கள்; தெரிந்ததைச் சொன்னேன்.
அவர்கள் புள்ளி மூன்று, மூன்றரை.
நான் எரிவாயு உருளையை
மூன்று மாடி ஏற்றினேன்.

பொங்கல் விழா, விடுதிக் கார் நிறுத்துமிடத்தில்.
பதினோரு பானை.
படமெடுத்து, பாடி, சாப்பிட்டு
எல்லோரும் போன பிறகு
குழாயடியில் நானும் அவளும்.
தூரத்தில் பாலத்து விளக்குகள்
கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"யுவா, அது இரண்டரை இல்ல.
ரெண்டு புள்ளி நாலு ஒம்போது ஆறு."

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை.
தேங்காய் நாரிலிருந்து கரித் தண்ணீர்
மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது.

"தெரியும் லா.
உன் கையெழுத்த ஒரு வருஷம் போட்டவ நான்.
உனக்கு எதுல என்ன வரும்னு தெரியாதா?"

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்.

"நான் சேரும்போது இந்த விதி இல்ல.
இருந்திருந்தா எனக்கு இடமே இல்ல.
போன கூட்டத்துல இதைக் கொண்டு வந்ததே நான்தான்."

"ஏன்?"

குழாயை மூடினாள்.
அடுத்த பானையை இழுத்தாள்.
"இதப் பிடி" என்றாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வருகிறது.
மூன்றாம் இலக்கம் வரை
இந்த முறை கூட்டிப் பார்க்கவில்லை.

கடைசிப் பானையில்
இருபது காசு அகலத்துக்கு ஒரு கறை.
அவள் தேய்த்தாள். நான் தேய்த்தேன்.
போகவில்லை.
கவிழ்த்து வைத்துவிட்டு
விளக்கை அணைத்தோம்.